திறந்துவிடுதல் பரிகாரமாகுமா?

இக்காலத்து ஒரு துறை அலுவலகத்திற்கோ, விடுதிக் காரியாலயத்திற்கோ, சிறிய அச்சகத்திற்கோ சென்று பார்ப்போர், அங்கே நான்கு முதல் பத்து வரையான கணினிகள் ஒரு சிறு பெட்டியின் வழியே தம்முள் இணைக்கப்பட்டிருக்கக் காண்பர். ஒன்றில் வைத்த கோப்பினை மற்றொன்றிலிருந்து எடுத்துப் படிப்பதும், திருத்துவதும், அச்சுப்பொறிக்கு அனுப்புவதும் அன்றாட நிகழ்ச்சிகளாய்விட்டன. இவ்வசதி நடைபெறும் வரையில் அதனை நினைப்பார் ஒருவருமில்லை. ஒரு நாள் காலையில் கோப்புறை திறவாது போயின் அறை முழுதும் கூக்குரல் எழுகின்றது. விஷயமறிந்த அன்பர் ஒருவர் அழைக்கப்படுகின்றார். அவர் வந்து, ‘ஃபயர்வால்’ எனப்படும் காப்புச் சுவரை நிறுத்துகின்றார். கடவுச்சொல் கேட்பதை நீக்குகின்றார். யாவர்க்கும் முழு உரிமை என்று குறித்துவிடுகின்றார். கோப்புறை திறக்கின்றது. அவருக்குத் தேநீர் கிடைக்கின்றது. காரியம் முடிந்ததென்று யாவரும் தத்தம் இடத்திற்குத் திரும்புகின்றனர்.

இங்ஙனம் திறந்துவிடுதல் பரிகாரமாகாது என்பதே யாம் ஈண்டுக் கூற விரும்புவது. பிறரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. யாமும் அத்தகைய தேநீரை வாங்கிக் கொடுத்தவரே.

எமது மலர்க்குழுவின் அறையில் ஆறு கணினிகள் உள்ளன. அவற்றுள் மூலையிலிருக்கும் பழையதொன்றில் மலருக்குரிய கட்டுரைகள் யாவும் ஒரு கோப்புறையில் வைக்கப்பட்டிருந்தன. ஏனைய ஐந்திலிருந்தும் அவற்றைப் படிக்கலாம். திருத்த விரும்புவோர் மூலைக் கணினியின் முன் வந்தமர்ந்து திருத்த வேண்டும். எமக்கு முன்னிருந்தோர் செய்து வைத்த ஏற்பாடு இது. படிக்க வருவோரிடம் அக்கணினி பெயரும் கேளாது, கடவுச்சொல்லும் கேளாது. அனைவரையும் ‘விருந்தினர்’ என்றே கொண்டு உள்ளே விட்டுவிடும். பல ஆண்டுகள் இது குறைவின்றி நடந்து வந்தது.

மலர் அச்சேறுவதற்கு மூன்று வாரம் இருக்கையில், பழுதுற்ற ஒரு கணினிக்கு மாற்றாகப் புதியதொன்று வந்தது. அதிலிருந்து அக்கோப்புறை திறக்கவில்லை. இரண்டு மூன்று வரிகளில் ஏதோ ஒரு மறுப்புரை தோன்றிற்று. அதனை யாம் முழுதும் படித்தோமில்லை. அடையாளம் காட்டாத விருந்தினரை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்பது அதன் பொருள். அழைக்கப்பட்டு வந்த நண்பர் அதனைப் பார்த்து, “இதற்கெல்லாம் முதல்வர் அலுவலகத்தில் கொள்கை வகுத்திருக்கின்றார்களா?” என்று நகைத்தார், யாமும் நகைத்தோம். பின்னர் அவர் புதிய கணினியில் இரண்டு தடைகளை நீக்கினார். அதனோடு நில்லாது, ஆறு கணினிகளிலும் காப்புச் சுவரை நிறுத்தினார். நீக்கப்பட்டிருந்த ஒரு பழைய முறையை மீட்டு நிறுவினார். மூலைக் கணினியின் கோப்புறைக்கு யாவர்க்கும் முழு உரிமை கொடுத்தார். இவற்றுள் எது பயன் தந்ததென்று அவரும் அறியார், யாமும் கேளோம். இனித் தத்தம் இருக்கையிலிருந்தே திருத்தலாம் என்பதில் எமக்குப் பெருமகிழ்ச்சி.

இதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம். அந்த மறுப்புரையை யாம் படித்திருந்தால் என்ன அறிந்திருப்போம் என்பதை முதலில் நோக்குவோம்.

கணினி காட்டும் மறுப்புகள் பலவாயினும் பெரும்பாலும் இரண்டு வகுப்பில் அடங்கும். ‘பாதை காணப்படவில்லை’ என்பது ஒன்று. ‘அனுமதி இல்லை’ என்பது மற்றொன்று. தேடிச் சென்ற வீட்டையே நாம் அடையவில்லை என்பது முன்னதன் பொருள். வீட்டை அடைந்தோம், கதவைத் தட்டினோம், உள்ளிருப்பவர் நம்மைப் பார்த்துவிட்டு வரலாகாது என்றார் என்பது பின்னதன் பொருள். தெரு தெரியாமல் நிற்பவனுக்குச் சாவி கொடுப்பதும், சாவி இல்லாதவனுக்குத் தெருவைக் காட்டுவதும் ஒன்றுக்கும் உதவா. எனினும் நம்மவர் இரண்டற்கும் ஒரே மருந்தைக் கொடுக்கின்றனர்: சுவரை இடி, கதவைக் கழற்று!

பாதை காணாத வகையில், தேடத் தொடங்க வேண்டிய இடம் கம்பியே. மேசைக்கடியில் துடைப்பம் பட்டுக் கழன்ற கம்பியை எம் அறையில் ஓராண்டில் மூன்று முறை கண்டிருக்கின்றோம். கம்பி சரியாயின், அக்கணினிக்குக் கிடைத்துள்ள எண் முகவரியைப் பார்த்தல் வேண்டும். சிறு வலையமைப்புகளில் இம்முகவரி பெரும்பாலும் 192.168 என்றோ, 10 என்றோ தொடங்கும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் மட்டும் வழங்குவதற்கென 1996 ஆம் ஆண்டில் முறைப்படி ஒதுக்கப்பட்ட தொகுதிகளுள் இவை சேர்ந்தவை. அவ்வாறின்றி 169.254 என்று தொடங்குமாயின், முகவரி வழங்குவோர் எவரையும் காணாமையால் அக்கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறிக. அந்நிலையில் கடவுச்சொல்லை ஆயிரம் முறை மாற்றினும் பயனில்லை.

கம்பியில்லா வைஃபையில் இன்னொரு விநோதம் உண்டு. விடுதியில் இரு மாணவர் அருகருகே அமர்ந்திருந்தனர். இருவர்க்கும் இணையம் வந்தது. இருவரும் ஒரே பெயருடைய வைஃபையில் இருந்தனர். ஆயினும் ஒருவர் கணினி மற்றவர் கணினிக்குத் தென்படவில்லை. அரை நாள் தேடிய பின்னரே, அது விருந்தினர்க்கென அமைத்த வைஃபை என்பதும், அதில் சேர்வோர் இணையத்திற்குச் செல்லலாமேயன்றித் தம்முள் ஒருவரையொருவர் அணுகலாகாது என்று ரௌட்டரில் விதித்திருப்பதும் தெரிந்தன. ஒரே கூரையின்கீழ் இருந்தமையால் ஒரே வலையில் இருந்ததாகக் கொண்டதே அவர்கள் செய்த பிழை.

முகவரியும் சரியென்று கண்ட பிறகு, அம்முகவரியை நோக்கி ஓர் அழைப்பு அனுப்பி விடை வருகின்றதா என்று பார்க்கலாம். காப்புச் சுவர் இவ்வழைப்பைத் தடுத்துவிடுவதும் உண்டாதலின், விடை வந்தால் இருக்கின்றது எனலாம். வாராமை மட்டும் கொண்டு இல்லை எனலாகாது. அடுத்து, பெயரால் அழைத்துத் திறவாத கோப்புறை, எண் முகவரியால் அழைத்துத் திறக்கின்றதா என்று நோக்குக. திறக்குமாயின் குற்றம் பெயரைப் பற்றியதேயன்றி வேறில்லை. ஒரு நொடியில் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

அண்டைக் கணினிகளின் பட்டியலில் பெயர் தோன்றாமையை வைத்து மயங்குவோரே மிகப் பலர். இப்பட்டியல் எஸ்.எம்.பி. என்னும் கோப்புப் பகிர்வு முறையின் முதற் பதிப்பைச் சார்ந்த பழைய ஏற்பாட்டால் முன்னாளில் திரட்டப்பட்டது. அப்பதிப்பு நீக்கப்படவே அந்த ஏற்பாடும் உடன் போயிற்று. இன்று வேறொரு முறையால் கணினிகள் தம் இருப்பை அறிவிக்கின்றன. அறிவிக்கும் பணி ஒன்றில் ஓடாது நின்றிருந்தால் அதன் பெயர் பட்டியலில் வாராது. ஆயினும், பின்புறம் சாய்ந்த கோடு இரண்டிட்டு அதன் பெயரை எழுதினால் கதவு திறக்கும். வருகைப் பட்டியலில் பெயரில்லாத மாணவர் வகுப்பில் அமர்ந்திருப்பது போன்றதே இது. பட்டியலில் பெயரைக் காணும் ஆசையால், ஆபத்தான அந்தப் பழைய பதிப்பை மீட்டு நிறுவுவோர் இன்றும் உளர். எம் நண்பர் மீட்டதும் அதுவே.

புதிதாகச் சேர்ந்த வலையமைப்பை விண்டோஸ் கணினி பொதுவிடம் என்று கொள்ளுதலும் உண்டு. இரயில் நிலையத்தில் அமர்ந்திருப்பவர் தம் பையை மடியில் வைத்துக்கொள்வது போல, அப்பொழுது அது தன் கதவுகளை மூடிக்கொள்கின்றது. இது நம் சொந்த அறை என்று அந்த ஒரு வலையமைப்பிற்கு மட்டும் குறித்துக் காட்டினால் போதும். சுவரை நிறுத்த வேண்டுவதில்லை. இன்னொன்று: நாள்தோறும் நண்பகல் உணவிற்குப் பிறகே நேரும் கோளாறு ஒன்று எம்மைப் பல வாரம் வருத்திற்று. அரை மணி நேரம் எவரும் தொடாதிருந்தமையால் மூலைக் கணினி உறங்கிவிட்டதே காரணம். இதற்காக ஒரு ரௌட்டரையே மாற்றினோம் என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கின்றோம்.

நிற்க. இரண்டாம் வகுப்பாகிய ‘அனுமதி இல்லை’ என்பதைக் கண்டு நாம் வருந்துகின்றோம்; மகிழ்தலே தக்கது. கம்பி, முகவரி, பெயர், காப்புச் சுவர் என்னும் அனைத்தையும் கடந்து நம் அழைப்பு உரிய இடத்தை அடைந்துவிட்டது என்பதற்கு அந்த மறுப்பே சான்று. இனித் தேட வேண்டியது நாம் யார், நமக்கு என்ன உரிமை என்னும் இரண்டே. காலையில் கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண்ணை இங்கும் கொடுத்துவிட்டு, ‘சரியாகத்தானே கொடுத்தோம்’ என்று சினப்போர் அநேகர். அவ்வெண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. வலையின் வழியே செல்வோர்க்குக் கணக்கின் முழுக் கடவுச்சொல்லே வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்காயின், அதனைக் கொண்டு தொலைவிலிருந்து நுழைய விண்டோஸ் இயல்பாக இடங்கொடாது. முன்னொரு நாள் சேமித்து வைத்த பழைய கடவுச்சொல்லைக் கணினி நம்மைக் கேளாமலே கொடுத்து மறுக்கப்படுவதும் உண்டு. இவையனைத்தும் சரியாயிருந்தும் மறுப்பு வருமாயின், கோப்புறைக்கு இரண்டு வாயில்கள் உள என்பதை நினைக்க. பகிர்வுக்குரிய உரிமை வெளிவாயில். வட்டில் அக்கோப்புறைக்கே எழுதப்பட்ட உரிமை உள்வாயில். இரண்டனுள் எது குறுகியதோ அதன் அளவே நாம் நுழையலாம். வெளிவாயிலை அகலத் திறந்துவிட்டு, இன்னும் திறக்கவில்லையே என்று உள்வாயிலின் முன் நிற்பதே பெரும்பாலும் நடக்கின்றது.

இம்மறுப்புகள் எக்காரணமுமின்றிப் புகுத்தப்பட்டனவல்ல. எஸ்.எம்.பி. முறை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் வகுக்கப்பட்டது. பின்னர் 1991 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், வேறு வகைக் கணினிகளும் இம்முறையைப் பேசும்படி தாமே ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அந்த மூன்று எழுத்துக்களும் வரிசையாக வரும் சொல்லொன்றை அகராதிக் கோப்பில் தேடியெடுத்து அதற்குச் ‘சாம்பா’ என்று பெயரிட்டார். நம் சம்பா நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை! உலகில் விற்பனையாகும் சிறு கோப்புச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுள்ளும் இன்று இயங்குவது அதுவே. ஒரு மாணவர், மறுக்கும் கணினி என்ன சொல்கின்றது என்று கூர்ந்து கேட்டதனால் விளைந்த பயன் இது என்பதை நம் மாணவ நண்பர்கள் கருதுவாராக.

ஒருவரையொருவர் நம்பும் சில மேசைகளுக்கென வகுக்கப்பட்ட முறை உலகெங்கும் பரவியபோது அந்நம்பிக்கையே தீங்காயிற்று. 2016 செப்டம்பரிலேயே, முதற் பதிப்பைக் கைவிடுக என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் வெளிப்படையாக எழுதினர். அப்பதிப்பிலிருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டனர். அதனைப் பலர் இட்டுக்கொள்ளவில்லை. மே 12 அன்று ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் அவ்வோட்டையின் வழியே கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவிப் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரித்தானியத் தேசியத் தணிக்கை அலுவலகம் அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தின் 236 பொது மருத்துவ அமைப்புகளுள் குறைந்தது 81 இதனால் இடருற்றன. நோயாளர்க்குக் குறித்திருந்த சந்திப்புகளுள் 6,912 கைவிடப்பட்டமை உறுதியாகத் தெரிந்தது. உண்மைத் தொகை 19,000க்கு மேலிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸிலிருந்து முதற் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவது நின்றது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் பதிப்பில், அலுவலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரிய வகைகள், வரும் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கேட்கத் தலைப்பட்டன; பெயரில்லாத விருந்தினராய்ச் செல்வதையும் மறுத்தன. எம் அறைக்கு வந்த புதிய கணினி அத்தகையது. அது பழுதன்று, கற்றுக்கொண்ட பாடம்.

“நம் அறையோ சிறியது, நம்மைத் தேடி எவன் வரப்போகின்றான்?” என்பர் சிலர். தீநிரல் எவரையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. வீட்டிற்குக் கொண்டு சென்று மீண்டும் கொணரப்படும் ஒரு மடிக்கணினி போதும். ஆயினும் இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டென்று ஒப்புக்கொள்கின்றோம். எம் அறைக்கு எந்தத் தீநிரலும் வரவில்லை. வந்த தீங்கு எம்மாலேயே வந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கைப்படத் தந்த நினைவுக் கட்டுரை, கணினியில் எளிய உரைக் கோப்பாக ஏற்றப்பட்டிருந்தது. மாணவி ஒருவர் தம் இருக்கையிலிருந்தே மூலப்படியோடு ஒப்பிட்டு 14 பக்கங்களையும் ஒரே பகலில் திருத்திச் சேமித்தார். மறுநாள் காலை பார்த்தபொழுது அத்திருத்தங்களில் ஒன்றேனும் இல்லை. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் முந்திய நாள் மாலை ஐந்தேகால். சேமித்தவர் யாரென்று அறிய வழியில்லை, எல்லோரும் விருந்தினராயிற்றே! அந்நேரத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் தாள் ஒன்றை அச்செடுக்க அவ்வறைக்கு வந்திருந்தார் என்பது பலர்க்கும் நினைவிருந்தது. அவரை எவரும் நேரே குற்றம் சாட்டவில்லை. “அன்று மாலை எதையேனும் தொட்டாயா தம்பி?” என்று மட்டும் கேட்டோம். தொடவில்லை என்றார். அதன் பின்னர் அவர் அறைக்கு வரவில்லை.

நான்கு நாட்கள் கழித்து, அம்மாணவி இரண்டாம் முறை திருத்திக்கொண்டிருக்கையில், ஒரு வரியைக் காட்டி, “இந்த ஒற்றை நான் இடவில்லையே, மூலப்படியிலும் இல்லை, யார் இட்டது?” என்றார். ஒற்று மிக வேண்டிய இடத்தில் ஒரு ‘ப்’ சரியாக இடப்பட்டிருந்தது. அதனைப் பார்த்ததும் எமக்கு விளங்கிவிட்டது. அன்று காலையில் எம் இருக்கையிலிருந்து அக்கோப்பைத் திறந்து, அந்த ‘ப்’ ஒன்றை மட்டும் இட்டு, மூடாமலே வைத்துவிட்டு வகுப்பிற்குச் சென்றிருந்தோம். மாலையில் வந்து, கணினி கேட்டபடியே ‘சேமி’ என்பதை அழுத்தி வீட்டிற்குப் போனோம். நண்பகலில் அம்மாணவி சேமித்த 14 பக்கங்களின்மேல் எமது காலைப் படி ஏறி அமர்ந்துவிட்டது. இத்தகைய எளிய உரைக் கோப்பை ஒருவர் திறந்து வைத்திருக்கையில் மற்றொருவர் திறப்பதை எதுவும் தடுப்பதில்லை. கடைசியில் சேமித்தவர் படியே நிலைக்கும்.

தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் இருந்திருப்பினும் எம் கை செய்த அழிவு நேர்ந்தே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அச்செடுக்க வந்த மாணவர்க்குப் படிக்கும் உரிமை மட்டுமே இருந்திருக்கும். அவர்மேல் ஐயம் எழ இடமே இருந்திராது. யாவர்க்கும் முழு உரிமை என்று எழுதியபோது, யாவர் மேலும் முழு ஐயத்திற்கும் இடமுண்டாக்கியதை யாம் அறிந்திலோம். விடுதிக்குச் சென்று அவரைக் கண்டு நடந்ததைச் சொன்னோம். “பரவாயில்லை, ஐயா” என்றார்.

நம் கலாசாலையில் வலையமைப்பின் ஏழு அடுக்குகளையும் மாணாக்கர் வரிசை தவறாமல் ஒப்பிக்கின்றனர். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. கோப்புறை ஒன்று திறவாதபோது அவ்வடுக்குகளுள் எதனில் தடை என்று கீழிருந்து மேலாகப் பார்ப்போரைக் காண்பது அரிதாயிருக்கின்றது. செய்முறைத் தேர்வில், வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு சிறு வலையமைப்பைக் கொடுத்து, எதையும் திறந்துவிடாமல் கோளாற்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்கத் தோன்றுகின்றது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதை எழுதி வைத்தல், பயனில்லையெனில் முன்போலவே ஆக்கிவிடுதல் என்னும் மூன்றையும் அங்கே பழக்கிவிடலாம். எம் நண்பர் பத்து நிமிடத்தில் செய்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மீட்க எமக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. இன்னும் ஏதேனும் விடுபட்டிருக்குமோ என்னும் ஐயமும் உண்டு.

இப்பொழுது மூலைக் கணினியில் ஒன்பது பெயர்கள் உள்ளன. மூவர்க்குத் திருத்தும் உரிமை. அறுவர்க்குப் படிக்கும் உரிமை. கட்டுரைகளை ஒருவர் திறந்திருக்கையில் மற்றவர்க்கு எச்சரிக்கும் செயலியிலேயே வைத்திருக்கின்றோம். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருவோர் வாரத்திற்கு ஒருவரேனும் உளர். அதில் கால் மணி நேரம் போவது உண்மையே. மேசையிழுப்பில் ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு கோளாற்றையும், கணினி சொன்ன சொற்களையும், செய்த மாற்றத்தையும் தேதியிட்டு எழுதி வருகின்றோம். முதற் பக்கத்திலுள்ள கையெழுத்து, அன்று அச்செடுக்க வந்த மாணவருடையது. அவர் இவ்வாண்டு மலர்க்குழுவில் சேர்ந்திருக்கின்றார். பட்டியலில் மூலைக் கணினியின் பெயர் இன்னும் தோன்றுவதில்லை. பெயரை எழுதியே திறக்கின்றோம்.